அவள் புரண்ட இடங்கள்

சுற்றுலாக்காரர்களுக்குச் சிங்கம் காட்டும் வண்டிக்குள் கசமுலா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இருபத்தாறு வருடமாக அவருக்கு இடம், வண்டியின் மூக்கில் பொருத்திய ஒற்றை இருக்கை. கண் எப்போதும் மண்ணில். சிங்கத்தின் தடத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா, எப்போது போனது, எங்கே போகிறது என்று சொல்லிவிடுவார். மனிதர்கள் விஷயத்தில்தான் மனிதர் கொஞ்சம் அவசரக்காரர்.

அன்று குளிரடித்த காலையில், வறண்ட ஆற்று மணலில் கையை உயர்த்தினார். வண்டி ஓட்டிய ருலானி சட்டென்று நிறுத்தினாள். அவருடைய அக்கா மகள்.

"மூணு ஆம்பளைங்க. நம்ம காட்டு ஆளுங்க இல்ல. வடக்கேர்ந்து வந்திருக்கானுங்க."

ருலானி எதிர்க்கரையைப் பார்த்தாள். சிங்கங்களில் வெளி ஆண்கள் கூட்டுச் சேர்ந்து வந்தால் பழைய ஆணைத் துரத்துவார்கள். அவன் குட்டிகளைக் கொல்வார்கள். காதறுந்த பெண் சிங்கம் ஆறு வாரத்துக்கு முன் மூன்று குட்டி போட்டு எதிர்க்கரை நாணலுக்குள் ஒளித்து வைத்திருந்தது. அந்தச் செய்தியை வண்டி ரேடியோவில் காட்டிலுள்ள மற்ற வண்டிகளுக்கெல்லாம் பரப்பியதே கசமுலாதான்.

இருபதடி தள்ளிக் காதறுந்தவளின் தடமும் வந்து சேர்ந்திருந்தது. அந்த மூவரையும் ஒட்டி உரசிக்கொண்டு, நாணலை விட்டு விலகிப் போயிருந்தது.

கசமுலா காறித் துப்பினார். ரேடியோவை வாங்கினார். "காதறுந்தவ பிள்ளைங்கள விட்டுட்டுப் புது ஆம்பளையோட போயிட்டா. குட்டிங்கள மறந்துடுங்க."

"அதே வார்த்தை, மாமா. உங்க அம்மாவைச் சொல்ற அதே வார்த்தை."

"வாய மூடிக்கிட்டுத் துப்பாக்கிய எடு."

கசமுலாவின் அம்மா போனது, அப்பா ஜோகன்னஸ்பர்க் சுரங்க வேலையிலிருந்து திரும்பாத வருடம். குடிகாரன் ஒருவன் தடியோடு வாசலில் வந்து நின்றான். அம்மா பிள்ளைகளைச் சித்தியிடம் தள்ளிவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டே அவனோடு நடந்தாள். எட்டு வயதில் பார்த்த அந்தச் சிரிப்பைக் கசமுலா மன்னிக்கவே இல்லை. அம்மா இன்னும் பக்கத்து ஊரில்தான் இருக்கிறாள். இவர் அந்த வாசலை மிதித்ததில்லை.

இருவரும் தடத்தோடு நடந்தார்கள். ஓரிடத்தில் அவள் மணலில் புரண்டிருந்தாள். ஆணை மயக்கும் பெண் சிங்கம் செய்வதுதான். ஐந்தாவது முறை அப்படிப் பார்த்தபோது கசமுலா குந்தி உட்கார்ந்தார். பிறகு எழுந்து முதல் இடத்துக்கே திரும்பி நடந்தார்.

ஐந்து இடத்திலும் ஆண்களின் தடம் நாணல் பக்கம் திரும்பியிருந்தது. ஐந்து இடத்திலும் அவள் ஓடிவந்து குறுக்கே விழுந்து புரண்டிருந்தாள். ஐந்து முறையும் அவர்கள் நாணலை மறந்து அவள் பின்னால் போயிருந்தார்கள்.

அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ தடம் படித்தவர், இப்படி ஒன்றைப் படித்ததில்லை. ஒருத்தி, மூன்று கொலைகாரர்கள், கையில் வேறு ஆயுதமே இல்லை. கும்பிட வேண்டும் போலிருந்தது.

கரையேறித் தொலைநோக்கியில் பார்த்தார்கள். நாணலுக்குள் ஒரு குட்டி இன்னொன்றின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தூங்கியது. வெகுதூரத்தில், குன்றுக்கு அப்பால், ஓர் ஆண் கர்ஜித்தது. அவள் இன்னும் இழுத்துக்கொண்டு போகிறாள்.

கசமுலா ரேடியோவை எடுத்தார்.

"கசமுலா பேசறேன். நான் தப்பாச் சொல்லிட்டேன். அவ பிள்ளைங்கள விட்டுட்டுப் போகல."

"யாரு? காதறுந்தவளா?" என்றது மறுமுனை.

கசமுலா ருலானியைப் பார்த்தார்.

"அவளுந்தான்."