பெருக்கல் குறி போட்ட பலகைகள்

அவளுக்கு அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பள்ளிக்கூடப் பதிவேட்டோடு போயிற்று. கடற்கரைத் தெருவில் எல்லோருக்கும் அவள் 'சக்கரம்'. காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் காலை விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிரசவமான ஒன்பதாம் நாளே கைக்குழந்தையோடு கடைத்தெருவுக்குக் கிளம்பியவளை வேறு என்னவென்று கூப்பிடுவது?

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்: நடப்பது. விடிந்ததும், வாசல் கதவைத் திறக்கும் முன், கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில் வெறுங்காலோடு எல்லாப் பலகைகளையும் மிதித்து நடக்க வேண்டும். ஆணி தளர்ந்த பலகை கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்காலுக்குத் தெரியும். லேசாகத் துள்ளும். துள்ளியதில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். பின்னால் வரும் தச்சன், அவளுடைய கூடப்பிறந்த தம்பி, பலகையைச் சரிசெய்துவிட்டு ஈரத்துணியால் குறியை அழித்துவிடுவான். குறி இருந்தால் பழுது, அழிந்தால் சரி. இருபத்திரண்டு வருஷமாக வேலையில் இவர்களுக்குள் இவ்வளவுதான் பேச்சு. காகிதம், கையெழுத்து ஒன்றும் கிடையாது.

பாலத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. முதலில் அது படகிலிருந்து ஆட்கள் இறங்கக் கட்டியது. துறைமுகம் வேறு பக்கம் போனதும், சும்மா கிடந்த பாலத்தின் நுனியில் யாரோ ஒரு புத்திசாலி ஓர் அரங்கத்தை எழுப்பி, வாத்தியக்குழுவை உட்கார வைத்துவிட்டான். ஊரே அங்கே போய் ஆடியது. கதவருகே டிக்கெட் கிழித்தது சக்கரத்தின் அப்பா. அவள் நடை பழகியதே அந்தப் பலகைகளில்தான். ஒருமுறை மின்கசிவில் அரங்கம் எரிந்தது, மறுபடி கட்டினார்கள். ஒரு புயலில் சரக்குப் படகு மோதிப் பாலத்தின் இடுப்பை உடைத்தது, ஒட்டுப்போட்டார்கள். அப்புறம் ஆட வருகிறவர்களே குறைந்து, அரங்கம் ஒன்பது வருஷம் பூட்டிக் கிடந்தது. பாலம் மட்டும் காற்று வாங்க வருகிறவர்களுக்குத் திறந்திருந்தது. இப்போதுதான் கூரை மாற்றி, தரைக்கு மெருகு போட்டு, ஞாயிறு மாலை நாலு மணிக்குத் திறப்பு விழா என்று தெருவெல்லாம் ஒட்டியிருந்தார்கள். முதல் ஆட்டம் சக்கரத்தின் மகளும் அவள் கூட்டாளிகள் பதினோரு பேரும்.

மகள் ஆடப்போகிறாள் என்றால் அம்மா தலைகால் புரியாமல் திரிய வேண்டும். திரிந்தாள்தான், ஆனால் சந்தோஷத்தில் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலை, பாதிப் பாலம் நடந்தவள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். பலகைகளில் வரிசையாகச் சிவப்புத் தடம். எந்த மகராசன் காலைக் கிழித்துக்கொண்டானோ என்று பரிதாபப்பட்டு முடிப்பதற்குள், தடம் தன் குதிகாலில் வந்து நிற்பதைக் கண்டாள். ஆணித்தலை கிழித்திருந்தது. துளி வலி இல்லை.

"சர்க்கரை. கால் மரத்துப்போச்சு. இனிமே செருப்பில்லாம ஒரு அடிகூட வைக்கக்கூடாது" என்றார் டாக்டர். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மறுநாள் காயத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். சோற்றுக்கு அவள் பயப்படவில்லை. உட்கார்ந்துவிடுவோமோ என்றுதான் பயந்தாள்.

காலுக்குத் தெரியாததால் பழைய ஞாபகத்தில் குத்துமதிப்பாகக் குறி போட்டாள். நாளுக்கு ஏழெட்டு. சாயங்காலம் பார்த்தால் எல்லாம் அழிந்திருக்கும். அப்பாடா, சரியாகத்தான் போடுகிறோம் போலிருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொள்வாள். மனசு தேறினால்தானே! அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினாள். மாடிக்கு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கீழே ஓடினாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு மகள் கண்ணாடி முன்னால் நின்று, "அம்மா, கடைசியில பன்னெண்டு பேரும் மேடை ஓரத்துக்கு வந்து ஒண்ணா குதிப்போம். அப்ப பாரு கைதட்டை!" என்றாள்.

சக்கரம் போட்டது போட்டபடி தம்பியின் பட்டறைக்கு ஓடினாள்.

"ஏன்டா, இந்த மூணு மாசத்துல எத்தனை பலகை சரி பண்ணிருப்ப?"

"இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ஒண்ணுகூட இல்ல. நீ குறி போட்டதுல முதல்ல இருபதைக் கழட்டிப் பார்த்தேன். எல்லாம் கல்லு மாதிரி இருந்துச்சு. உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு புரிஞ்சுது. சொன்னா ஒடிஞ்சு போயிடுவியேன்னு சும்மா துடைச்சு விட்டேன்."

"அடப்பாவி! நீ துடைச்சதைப் பார்த்துத்தானேடா நான் சரின்னு நெனச்சேன்!"

"நீ குறி போடாத பலகை நல்லாத்தான் இருக்கும்னு நான் நெனச்சேன். இத்தனை வருஷத்துல நீ ஒண்ணைக்கூட விட்டதில்லையே."

தம்பிக்கு அக்கா மேல் பாசம், அக்காவுக்குத் தம்பி மேல் நம்பிக்கை. இரண்டும் சேர்ந்து, மூன்று மாதமாகப் பாலத்தை யாருமே பார்க்கவில்லை.

"மேனேஜருக்குத் தெரிய வேணாம், நானே ஒரு நடை நடந்து பார்த்துடறேன்" என்றான் தம்பி. பூட்ஸிலேயே கிடந்த அந்தக் காலுக்கு என்ன தெரியும்? அவள் காதில் வாங்காமல் நேரே அரங்கத்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், கதவைத் திறக்காதீங்க. என் காலுக்கு உணர்ச்சி இல்ல. மூணு மாசமா உங்களை ஏமாத்திட்டேன்."

மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறியது. "ஊரே வாசல்ல வந்து நிக்கப்போகுது, இப்ப வந்து சொல்றீங்க! நாளையிலிருந்து உங்களுக்கு இங்க வேலை கிடையாது."

"நாளைக் கதையை நாளைக்குப் பேசுவோம் சார். இன்னைக்குச் சாவியைக் குடுங்க. திறந்தீங்கன்னா குறுக்கே படுத்துருவேன்."

அவர் சாவியை மேஜைமேல் விட்டெறிந்தார்.

வாசலில் முட்டிபோட்டு ஆரம்பித்தாள். காலில் போனது கையில் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு பலகையையும் இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி, காத்திருந்து, அடுத்ததற்கு நகர்ந்தாள். துள்ளியதில் குறி போட்டாள். தம்பி பின்னாலேயே சுத்தியலோடு வந்தான், எதையும் சும்மா துடைக்கவில்லை. நாலு மணி ஆயிற்று. வெளியே கூட்டம் முணுமுணுத்து, அப்புறம் கத்தவே ஆரம்பித்தது. முட்டி தோலுரிந்து எரிந்தது.

அரங்கத்தில், மேடை ஓரத்தில், பளபளவென்று மெருகு போட்ட மூன்று பலகைகள் அடுத்தடுத்துத் துள்ளின. தம்பி நெம்பித் தூக்கினான். அடியில் தாங்கிய உத்தரம் உளுத்துப்போய், விரலை வைத்ததும் உள்ளே போயிற்று. அதற்குக் கீழே கடல் தெரிந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்தார். கயிறு கொண்டுவர அவரே ஓடினார்.

மேடையின் முன்பக்கத்தைக் கயிறு கட்டி அடைத்து, ஆட்டத்தை நடுவுக்குத் தள்ளி, ஆறு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். சக்கரத்துக்குக் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். வாத்தியம் தொடங்கியது. பக்கத்திலிருந்தவர்கள், "அடேயப்பா, கால்லயே வந்து அடிக்குது பாரு!" என்று சிரித்தார்கள். அவள் தன் காலைப் பார்த்தாள். அதற்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். தோலுரிந்த முட்டியை மடக்கி, இரண்டு உள்ளங்கையையும் பலகையில் பதித்தாள். பன்னிரண்டு பேரும் ஒன்றாகக் குதித்தார்கள். அத்தனை குதிப்பும் கையில் வந்து அறைந்தது. பலகை துள்ளவில்லை. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.