மறைத்து வைத்த குழந்தைகளைத் தேடிப் போனவர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அக்காவை வெள்ளைச் சேலையும் கான்வஸ் சப்பாத்துமாகவே கண்டிருப்பீர்கள். சேலைக்குச் சப்பாத்தா என்று சிரித்தவர்களும் உண்டு. "தோட்டத்துப் பாதையில அட்டை கடிச்சா நீங்களா வந்து எடுப்பீங்க?" என்று கேட்டுவிட்டு, சிரித்தவர்களைவிட உரக்கச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்காமல் ஓராண்டு கழிந்துவிட்டது. அவருடைய ஒரே தங்கை என்ற உரிமையில், அருகிலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

அக்கா கம்பளையில், புகையிரத நிலையத்தை அடுத்திருந்த குவாட்டஸ் வீட்டில் பிறந்தார். அப்பா அந்த நிலையத்தில் கிளாக்கராக இருந்தார். எனக்கும் அக்காவுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். என்னைப் பெற்ற சில மாதங்களில் அம்மா காலமானதால், என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அக்காதான். சமையல் மட்டும் அவருக்குக் கைவரவே இல்லை. அவர் வைத்த ரசத்தை அப்பா ஒன்றும் பேசாமல் குடித்துவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் உப்புப் பார்த்துப் போடும்மா" என்பார். அந்த நாளை கடைசிவரை வரவில்லை.

பதினேழு வயதில் கண்டியில் துணிக்கடை வைத்திருந்த உறவினருக்கு அக்காவை மணம் செய்து கொடுத்தார்கள். நல்ல மனிதர். இரண்டு வருடத்தில் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. வீடு திரும்பிய அக்கா ஆறு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒருநாள் காலையில் தலைவாரிக்கொண்டு வந்து அப்பாவின் முன் நின்று, "நர்ஸ் வேலை படிக்கப் போறேன்" என்றார்.

அம்மாவின் தம்பியான எங்கள் மாமா குதித்தார். "நம்ம வீட்டுப் பொம்பளை ஊரான் புண்ணைக் கழுவுறதா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அந்த நாலு பேருக்கும் ஒருநாள் புண்ணு வரும், மச்சான். அப்ப என் மகளைத் தேடட்டும்" என்றார் அப்பா.

மாமா எங்கள் வாசற்படி மிதிக்காமல் மூன்று வருடம் இருந்தார். பின்னாளில் கால் முறிந்து அவர் படுத்தபோது, அக்காவைத் தவிர வேறு எவரையும் கட்டைத் தொட விடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதைப் படித்தால் அவரே சிரிப்பார்.

பயிற்சி முடித்த அக்காவைக் கண்டி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பகுதியில் போட்டார்கள். பிளந்த உதட்டோடும், உள்ளே மடங்கிய பாதங்களோடும் பிறந்த பிள்ளைகளை அங்கேதான் முதலில் கண்டார். அறுத்துத் தைத்தாலோ பிளாஸ்டர் கட்டுப் போட்டாலோ சரியாகிவிடும் குறைகள் அவை. ஆனால் ஏழை வீடுகளில் அது யாருக்குத் தெரியும்? கிரகணத்தன்று தாய் கத்தியைத் தொட்டாள் என்று அவள் தலையிலேயே பழியைப் போட்டுவிடுவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகச் சத்திரசிகிச்சை செய்யவென்று கண்டியில் வியாபாரிகளும் ஆசிரியர்களும் தேயிலைத் தோட்டத் துரைமார் சிலரின் மனைவிமாரும் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். டாக்டர் ஒருவர் கூலி வேண்டாம் என்று முன்வந்தார். புண் ஆறும்வரை பிள்ளைகள் தங்குவதற்குக் குண்டசாலையில் ஒரு சிங்களக் குடும்பத்தார் தங்கள் வீட்டின் ஒரு பாதியை விட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் தயாரான பின்பும் பிள்ளைகள் வரவில்லை. பெற்றோர் அவர்களை வெளியில் காட்டவே அஞ்சினார்கள்.

அக்கா தேடிக்கொண்டு புறப்பட்டார். கம்பளையில் லொறி வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர், நாங்கள் நானா என்றே அழைப்போம், தோட்டங்களுக்கு அரிசி ஏற்றிப் போகும்போது அக்காவையும் முன்னாசனத்தில் ஏற்றிக்கொள்வார். "எந்தத் தோட்டம் எண்டு மட்டும் சொல்லுங்க தங்கச்சி. கொண்டுபோய்ச் சேக்கிறது என்ட பொறுப்பு" என்பார். லொறி போகாத இடத்துக்கு அக்கா நடந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குள் நுழைந்ததும் பிள்ளை எங்கே என்று கேட்கமாட்டார். தேத்தண்ணி வாங்கிக் குடித்து, இருக்கிற குழந்தைகளையெல்லாம் கொஞ்சி, தாளமில்லாமல் ஒரு தாலாட்டும் பாடுவார். எப்படியோ மறைவிலிருந்து அந்தக் குழந்தையும் வந்துவிடும்.

அப்படி வந்தவள்தான் வள்ளி. நாலு வயது. மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. அவளுடைய தாய் காளியம்மா கொழுந்து பறிப்பவள். எத்தனையோ கெஞ்சலுக்குப் பிறகு பிள்ளையோடு கண்டிக்கு வந்தாள்.

வந்த வேளையில் பிள்ளைக்கு இலேசான இருமல். இருமல் நிற்கட்டும் என்றார் டாக்டர். ஆனால் அவர் அடுத்த வாரம் நீண்ட லீவில் சீமைக்குப் போக இருந்தார். இப்போது திருப்பி அனுப்பினால் காளியம்மாவுக்குத் தோட்டத்தில் மறுபடி லீவு கிடைக்காது என்று அக்கா பயந்தார். வற்புறுத்தினார். டாக்டர் அரை மனதோடு இணங்கினார். தையலைப் பிடுங்கிவிடாதபடி பிள்ளையின் முழங்கைகளுக்கு அட்டை வைத்துக் கட்டினார்கள். நாலாம் நாள் இருமல் பலத்தது. தையல் விட்டுப்போயிற்று.

வள்ளியின் தகப்பன் வந்து நின்றது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. அன்று நான் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். "பிஞ்ச வாயோட இருந்தாலும் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க. இப்ப அதுவும் போச்சு" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். காளியம்மா பின்னால் போனாள்.

சங்கத்தார் அக்காவைத் தேற்றினார்கள். இது யாருக்கும் நடக்கக்கூடியதுதான், வெளியில் பேச வேண்டாம் என்றார்கள். அக்கா கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போனார். காளியம்மா கதவைத் திறக்கவில்லை. லயத்து வாய்க்கால் ஓரத்தில், எல்லாரும் பார்க்கப் பகல் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாம் முறை நானும் கூடப் போனேன். தூறலில் நனைந்தபடி இருந்தோம். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

"வாங்க போவோம் அக்கா. நாம செஞ்சது நல்லதுக்குத்தானே?"

"நல்லதுக்குத்தான். ஆனா அது அவளுக்குத் தெரியாதே. நான் இன்னும் அவகிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

நண்பகலில் காளியம்மா வெளியே வந்தாள். "எதுக்கு வந்து வந்து குந்துறீங்க, நர்ஸம்மா? கையக் கட்டிப் போட்டீங்க. அது என்னையப் பார்த்துப் பார்த்து அழுதுச்சு. இன்னொருக்கா அதப் பார்க்க என்னால ஆகாது."

அக்கா எழுந்து நின்றார். "கூப்பிட வரலை, காளியம்மா. ஒரு உண்மையச் சொல்ல வந்தேன். டாக்டர் பொறுக்கச் சொன்னாரு. நான்தான் அவசரப்படுத்தினேன். பிள்ளை மேலயும் தப்பில்ல, உன் மேலயும் தப்பில்ல. தப்பு என்னோடது."

காளியம்மா அக்காவின் நனைந்த சேலையைப் பார்த்தாள். பிறகு, "இந்தத் தோட்டத்துல இத்தன வருசமா இருக்கோம். பெரியவுக யாரும் எங்ககிட்ட வந்து தப்பு என்னோடதுன்னு சொன்னதில்லீங்க" என்றாள். "உள்ள வாங்க. நனையாதீங்க."

உள்ளே போன அக்கா அன்று சத்திரசிகிச்சை பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கேட்டவள் காளியம்மாதான். "அந்த டாக்டரு எப்பத் திரும்பி வருவாருங்க?"

டாக்டர் திரும்பி வந்ததும் வள்ளியை மறுபடி சேர்த்தார்கள். இம்முறை இருமலோ காய்ச்சலோ இல்லை என்று பத்து நாள் பார்த்த பிறகே மேசையில் ஏற்றினார்கள். கைகள் கட்டிக் கிடந்த நாட்களில் காளியம்மாவும் அக்காவும் மாறி மாறி அவளை மடியில் வைத்திருந்தார்கள். புண் ஆறியது. குண்டசாலை வீட்டில், சுடுதேத்தண்ணியை உதட்டைக் குவித்து ஊதிக் குடித்தாள் வள்ளி. பிறகு கண்டதையெல்லாம் ஊதினாள். விளக்கு, அடுப்புச் சாம்பல், அக்காவின் முகம் என ஒன்றையும் விடவில்லை. அக்கா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு அக்கா அதிகம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. காளியம்மா ஓய்வு நாட்களில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனாள். "என் புள்ளயத் தொட்டுப் பாருங்க" என்பாளாம். நானாவின் லொறியில் தாய்மார் தாங்களாகவே வந்து இறங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளோடு கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளும், கம்பளை முஸ்லிம் பிள்ளைகளும் அந்த வீட்டில் ஒரே பாயில் உருண்டார்கள். அக்காவுக்கு முன்கோபம் உண்டு. கை கழுவாமல் பிள்ளையைத் தூக்கினால் யாரென்று பாராமல் சீறுவார். அரைமணி நேரத்தில் அவரே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கொடுப்பார். அதில் மூன்று கரண்டி சீனி இருக்கும். அதுதான் அவர் மன்னிப்பு.

நெஞ்சுச் சளி அவரை வீழ்த்தியபோது குண்டசாலை வீட்டில் ஒரு குழந்தையின் கால்கள் பிளாஸ்டர் கட்டுக்குள் இருந்தன. மூச்சு வாங்கியபடி என்னிடம் கேட்டார்: "கட்டு மாத்தினாங்களா?"

"மாத்தியாச்சாம் அக்கா."

"மாத்தியாச்சாம்னா? நீ பார்த்தியா? போய்ப் பார்த்துட்டு வா."

பஸ் ஏறிக் குண்டசாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "கட்டு இறுகலையே? பெருவிரல் சிவப்பா இருக்கா, நீலமா?" என்றார்.

"சிவப்பா இருக்கு. ஆட்டுது."

"அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலை, என் கையைப் பிடித்தபடியே அமைதியானார்.

அக்காவின் நோய்க்காலத்தில் கூட இருந்த டாக்டருக்கும், உடன் பணியாற்றிய தாதியருக்கும், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்திய மாமாவுக்கும், வந்த உறவினரையெல்லாம் தன் லொறியிலேயே ஏற்றி இறக்கிய நானாவுக்கும், வேலையை விட்டு நடந்து வந்து அழுத தோட்டத்து மக்களுக்கும், வீட்டில் பாதியை இன்றும் திருப்பிக் கேட்காத குண்டசாலைக் குடும்பத்தாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த எந்த வீட்டிலாவது, ஆட்கள் வரும்போது உள்ளே அனுப்பிவிடும் ஒரு குழந்தை இருந்தால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். தூரம் எவ்வளவானாலும் நான் வருகிறேன்.