டவுசருக்குள் நாலு மடிப்பு

1950களில் நான் தென்காசி நிருபர். ஒரு சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியில் வெள்ளம் வந்து, அங்கே தந்திக் கம்பியும் அறுந்துவிட்டது. ஆறு மணிக்குள் தென்காசித் தந்தி ஆபீசில் செய்தியைக் கொடுத்தால்தான் மறுநாள் பத்திரிகையில் வரும். சைக்கிள் இருந்தது, அதில் உட்காரத்தான் முடியவில்லை. சுகத்துக்காக சீட்டில் நான் கட்டியிருந்த துண்டு மழையில் ஊறி, மூன்று நாளில் தோலை உரித்திருந்தது. தென்காசிக்கு உருட்டிக்கொண்டே நடந்தேன்.

பின்னால் சைக்கிளில் வந்த தந்திச் சேவகர் இறங்கினார். ஒடிசலான உடம்பு, காக்கி டவுசர் மட்டும் பின்புறம் புடைத்திருந்தது.

"என்ன அண்ணாச்சி, சைக்கிளுக்குக் கால்நோவா? நடத்திக் கூட்டிட்டுப் போறிய?"

விஷயத்தைச் சொன்னேன்.

"நோவுதது உங்களுக்கு, மெத்தை சீட்டுக்கா? நான் டவுசருக்குள்ள கம்பளியை மடிச்சுத் தச்சிருக்கேன். அது நம்மகூடவே நவுருதுலா. சரி, தாளைத் தாங்க."

செய்தியைத் தோல்பைக்குள் வைத்தார். மாட்டைத் தட்டுவதுபோல் தன் சைக்கிள் சீட்டை இரண்டு தட்டு தட்டி ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் செய்தி வந்திருந்தது. நின்றுகொண்டேதான் படித்தேன். அன்று அவர் எத்தனை மைல் மிதித்திருந்தார் என்று நிருபரான எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கம்பளி எத்தனை மடிப்பு என்று மட்டும் கத்திக் கேட்டிருந்தேன்.