மாற்ற முடியாத நட்சத்திரம்

அழகியநம்பியைப் போலப் பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை. இரண்டாயிரத்து ஏழு, எட்டில் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஒரு கல்யாண இணையதளக் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தோம். வலியசாலைக்காரன். அப்பா பகவதிப்பெருமாள் சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடைக் கணக்கர்.

எங்கள் தளத்தில் பெண்ணைப் பெற்றவர்களும் தரகர்களும் பதிந்த ஜாதகத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். இன்று மூலம், நாளை அனுஷம். நம்பிக்கு ஆத்திரம் வந்தது. வெளியார் கணினிகள் எங்கள் தளத்தோடு பேசுகிற ஏபிஐயில் பிறந்த தேதி, நேரம், அவற்றை வைத்துக் கணினி கணிக்கும் நட்சத்திரம் மூன்றையும் ரீட் ஒன்லி ஆக்கினான். ஒருமுறை பதிந்தால் பார்க்கலாம், மாற்ற முடியாது. திருத்தச் சொல்லிக் கெஞ்சியவர்களை, “பதியும்போ கண்ணு எங்க போச்சு?” என்று விரட்டினான். ஜாதகத்தை யாராலும் மாற்ற முடியாத தளம் என்று கம்பெனி விளம்பரமே போட்டது.

அக்கா செண்பகவல்லியின் விவரங்களையும், அப்பா சொல்லச் சொல்ல, அவனேதான் பதிந்திருந்தான். வந்த வரன்கள் எல்லாம் காரணம் சொல்லாமல் நழுவின. அவளுக்கு முப்பது தாண்டியது. கடைசியாக நாகர்கோவில் பையன் ஒருவன் கோயிலில் வைத்துப் பார்த்துப் பேசிவிட்டுப் போனான். செண்பகத்துக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பாவம், அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை.

மறுவாரம், எங்கள் தளத்தைப் பார்த்துவிட்டு, பையனின் அம்மா போன் செய்தாள்.

“ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதுல்லா. எங்களுக்கு வேண்டாம்.”

“எம்மவ மகம்லா” என்றார் பகவதிப்பெருமாள்.

“யாரும் மாத்த முடியாத எடத்துல ஆயில்யம்னு கெடக்கு. அப்போ பொய் சொல்லுகது யாரு?”

செண்பகம் பிறந்தது விடிவதற்கு முன், மூன்று மணிக்கு. நம்மவர்களுக்குச் சூரியன் உதித்தால்தான் மறுநாள். அதனால் அப்பா முந்தின நாள் தேதியைச் சொன்னார், மகனும் அதையே தட்டினான். கணினிக்கு நள்ளிரவிலேயே நாள் மாறிவிடும். அது ஒரு முழு நாள் பின்னால் போய் ஆயில்யத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்தை வீட்டில் யாரும் திரும்பப் பார்க்கவில்லை.

நம்பி மேலாளர் பத்மகுமாரிடம் கெஞ்சியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

“நம்பி, நேரே சர்வருக்குள்ள போயி மாத்தலாம். பட்சே நம்ம ஸ்டாஃபோட சேச்சிக்கு மட்டும் மாத்தினா, பின்னே யாரு நம்மள விசுவசிக்கும்?” என்றார் அவர், மலையாளம் கலந்த தமிழில். நல்ல மனிதர்தான். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்பார்கள், இங்கே ஓர் உண்மையைச் சொல்லிப் பண்ண வழியில்லாமல் போயிற்று.

அன்று மாலை அவனோடு வீட்டுக்குப் போனேன். தனியாக விட மனம் வரவில்லை.

“புதுசாப் பதியலாமே” என்றேன்.

“நம்ம ஆளுக எல்லாரும் பாத்தாச்சு அண்ணாச்சி. இனி மகம்னு போட்டா, பழச மறைச்சிட்டோம்பாங்க” என்றாள் செண்பகம். பிறகு தம்பியிடம் கேட்டாள். “அழிக்கவும் முடியாதாடே?”

அதை அவன் பூட்டியிருக்கவில்லை.

“முடியும்க்கா.”

“அப்போ அழிச்சிரு.”

நம்பி வீட்டுக் கணினியில் அவள் பக்கத்தைத் திறந்தான், அழிக்கும் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அப்பா உள்ளறையை விட்டு வரவேயில்லை. செண்பகமே குனிந்து பொத்தானை அழுத்தினாள். நிச்சயமா என்று கணினி கேட்டது. அதற்கும் ஆம் என்று அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போனாள்.