தணிகாசலம் சாரை நாங்கள் ஏமாற்றிய வருடம்

செய்தி வந்தபோது மல்காஜ்கிரியில் ரயில்வே கேட் திறப்பதற்காக ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். நசீமா மேடத்தின் நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்தால், பேசியது பத்மா மேடம். தணிகாசலம் சார் போய்விட்டார் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். பின்னாலிருந்து நசீமா மேடம் உருதுவில் அவரைத் தேற்றுவது கேட்டது. காலையில் இட்லி சாப்பிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, நாற்காலியிலேயே கண்ணை மூடியிருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் தோன்றியது துக்கம் அல்ல. இந்த இரண்டு பேரும் ஒரே போனிலிருந்து கூப்பிட்டார்கள் என்று சாரிடம் உடனே சொல்ல வேண்டும், கேட்டால் மனுஷன் சந்தோஷத்தில் குதிப்பார் என்றுதான் தோன்றியது. யாரிடம் போய்ச் சொல்வது என்பது கேட் திறந்த பிறகுதான் உறைத்தது.

இந்த மலரைப் படிக்கும் மல்காஜ்கிரித் தமிழர்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரியும். பொங்கல் விழாவில் மைக்கை விடாதவர்களை நைசாக மேடையிலிருந்து இறக்குபவர். அன்னதானத்தில் சாம்பார் வாளியோடு பந்திக்குப் பந்தி ஓடுபவர். பாதுகாப்புத் துறை ஆலை ஒன்றில் கிடங்குச் சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஓய்வுக்குப் பிறகு அவர் பார்த்த வேலை உங்களில் பலருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் அதை வெளியே பேச மாட்டார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அழுதுகொண்டுதான் ஆரம்பித்தேன். எழுத எழுத உற்சாகம் தாங்கவில்லை. மன்னியுங்கள், அவரை நினைத்தாலே எனக்கு அப்படித்தான் ஆகிவிடுகிறது.

பழைய நகரத்தில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு அரசுப் பெண்கள் பள்ளிகள். ஒன்று தெலுங்கு வழி, பத்மா மேடம் தலைமையாசிரியை. மற்றது உருது வழி, நசீமா மேடம். அந்தப் பகுதியில் ஒரு முறை கலவரம் நடந்து கடைகள் எரிந்தபின், பயந்துபோன பெற்றோர் கேட்டு, வளாகத்தின் நடுவே சுவர் எழுந்தது. சில வருடம் கழித்து அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. மோதல் நடந்த இடங்களில் அண்டைப் பள்ளிகள் சேர்ந்து படித்தால் நிதி உண்டு. அப்படிக் கிடைத்ததுதான் சுவரை உடைத்து வாசல் வைத்துக் கட்டிய அறிவியல் லேப், சனிக்கிழமைக் கூட்டு வகுப்பு, பிள்ளைகளைப் பத்திரமாக வீட்டில் கொண்டுவிடும் ஒரு பஸ். நான் தூத்துக்குடிக்காரி. கணவருக்கு மாதாப்பூரில் வேலை என்று இங்கே வந்து, இந்தத் திட்டத்தில் ஒப்பந்த அடிப்படையில் ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தேன். தணிகாசலம் சார் அரசு நியமித்த கண்காணிப்பாளர். வருடா வருடம் அவர் அறிக்கை மேலே போனால்தான் அடுத்த வருட நிதி. போகாவிட்டால் பஸ் நிற்கும், லேப் மூடும், அந்த வாசலையும் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள்.

அவருடைய முதல் வருகைக்கு நாங்கள் பிரமாதமாகத் தயாரானோம். ஒரு தெலுங்குப் பள்ளிப் பிள்ளை, ஒரு உருதுப் பள்ளிப் பிள்ளை என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தோம். நானே சாக்பீஸால் தரையில் குறி போட்டேன். தோளில் துணிப் பையும் கையில் ஃபிளாஸ்க்குமாக வந்தார். சாய் கொடுத்தோம், "நக்கோ மா" என்று மறுத்துவிட்டுத் தன் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். சோதனைக்குப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது ஆலைக் காலத்துப் பழக்கமாம். பிறகு வரிசையாகப் போய் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்வி கேட்டார். உன் பக்கத்தில் இருக்கிறவள் பெயர் என்ன? ஒருத்திக்கும் தெரியவில்லை. எனக்கு முகம் செத்துவிட்டது. குனிந்து தரையிலிருந்த சாக்பீஸ் குறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீச்சரம்மா, நீங்க காட்டறத பாக்க நான் வரல" என்றார். ஒன்றும் தெரியாதது போல நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருடம் பிழைத்தோம். ஆரம்ப வருடம்தானே, பொறுத்துப் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். ஆனால் லேப் வந்ததும் சண்டையும் வந்தது. சாவி யாரிடம் இருப்பது? பத்மா மேடத்திடம் இருந்தால் அந்தப் பக்கம் முணுமுணுப்பு. நசீமா மேடத்திடம் இருந்தால் இந்தப் பக்கம் புகார். ஒரு நாள் லென்ஸ் பெட்டி ஒன்று காணவில்லை. உங்கள் பிள்ளைகள்தான் எடுத்தார்கள் என்று இரண்டு பக்கமும் கிளம்பி, பெற்றோர் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். பெட்டி அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. ஆனால் பேசிய பேச்சை எங்கே கொண்டுபோய் வைப்பது? இரண்டு மேடமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

சார் வந்தார். ராணிகஞ்ச்சில் வாங்கிய இரண்டு பூட்டுகளைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. அவர் வேலை பார்த்த வெடிமருந்துக் கிடங்கில் அப்படித்தானாம், இரண்டு அதிகாரிகளும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். இது பள்ளிக்கூடம் சார், வெடிமருந்து இல்லை என்று நான் எகிறினேன். இரண்டும் ஒன்றுதான் என்றார். இவர்களுக்கு நம்பிக்கை வளர்க்கத்தானே அரசு நிதி தருகிறது, நீங்கள் பூட்டு மேல் பூட்டுப் போடுகிறீர்களே என்று கேட்டேன்.

"நம்பிக்கையெல்லாம் நான் கேக்கலம்மா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துக்கு வந்தா போதும்."

சொன்னதோடு அவர் விடவில்லை. நிதி ஆணையிலேயே அதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்க வைத்தார். இரு சாவிகளும் எக்காரணம் கொண்டும் ஒருவர் வசம் இருக்கலாகாது. அன்று அந்த மனுஷனை நான் மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

பூட்டு எங்களைப் படாத பாடு படுத்தியது. பத்மா மேடத்தின் பஸ் தாமதமானால் நசீமா மேடம் காத்திருப்பார். நசீமா மேடத்துக்குக் கூட்டம் நீண்டால் பத்மா மேடம் காத்திருப்பார். பிள்ளைகள் லேப் படிக்கட்டில் கும்பலாகக் கிடப்பார்கள். ஒரு முறை சாரிடம் லேப் வகுப்புகளைப் பற்றி நான் பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். அவர் நடுவில் வெட்டி, கதவு திறக்கும்வரை பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். சும்மாதான் சார், ஒருத்திக்கு ஒருத்தி பின்னல் போட்டுவிடுகிறார்கள், புளிப்பு மிட்டாய் தின்கிறார்கள், வாய் ஓய மாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பையிலிருந்து நோட்டை எடுத்து அதை மட்டும் எழுதிக்கொண்டார். லேப் வகுப்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

பிறகு ஒரு நாள் நகரத்தில் ஏதோ வதந்தி. பள்ளிகளைச் சீக்கிரம் விடச் சொன்னார்கள். மறுநாள் பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு, லேப்பில் பாதி ஏற்பாடு கிடக்கிறது. பத்மா மேடத்தின் வீடு தூரம், உடனே கிளம்பியாக வேண்டும். கிளம்பும்போது தன் சாவியைக் கழற்றி நசீமா மேடத்தின் கையில் வைத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மறுநாள் தேர்வு நடந்தது. பத்மா மேடம் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை, நசீமா மேடமும் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் இரண்டு சாவியும் ஒரே வளையத்தில், ஒரு பச்சைப் பிளாஸ்டிக் கிளியோடு, லேப் வாசல் ஆணியில் தொங்குகின்றன. இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் எடுக்கிறார்கள், திறக்கிறார்கள், மாட்டுகிறார்கள்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. நிபந்தனை மீறல்! சார் பார்த்தால் நிதி போச்சு. மேடம்கள் இருவரையும் உட்கார வைத்து ஒரு நாடகம் சொல்லிக்கொடுத்தேன். சார் வரும் நாட்களில் கிளி ஒளிந்துகொள்ளும். பத்மா மேடம் தன் கைப்பையிலிருந்து ஒரு சாவி எடுப்பார், நசீமா மேடம் தன் கைப்பையிலிருந்து ஒரு சாவி எடுப்பார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் திறப்பார்கள். ஒரு வருடம் முழுக்க நடித்தோம். எனக்குத் தலைக்குள் ஏறவே இல்லை, பாருங்கள். முதலில் ஒட்டாத பிள்ளைகளை ஒட்டியது போலக் காட்டினேன். இப்போது ஒட்டிக்கொண்ட இருவரை ஒட்டாதது போலக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சார் ஒரு புதன்கிழமை சொல்லாமல் வந்து நின்றார். எனக்குத் தகவல் வந்து நான் ஓடிச் சேர்வதற்குள், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கிளியை எடுத்து, அவர் கண் முன்னாலேயே இரண்டு பூட்டையும் திறந்து உள்ளே போய்விட்டாள். சார் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வளையத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டார்.

"இன்னைக்கு மட்டும்தான் சார்" என்றேன். கூசாமல் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற நசீமா மேடம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வருடமாக என்றார், போன பரீட்சையிலிருந்து என்றார், நீங்கள் வரும்போதெல்லாம் நடித்தோம் என்றும் சொல்லிவிட்டார். நான் செத்தேன். சார் எழுந்தார். கதவு வரை போனார், திரும்பினார், மறுபடி போனார். அவர் கண்ணெல்லாம் நனைந்திருந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன்.

"கைக்கு, ஏன் மறைச்சீங்க? ஒரு வருஷம்! என்னையா ஏமாத்தினீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார். அப்புறம், "மேடம், ஒரு சாய் கிடைக்குமா?" என்றார். இத்தனை வருடத்தில் முதல் சாய். இரண்டு பள்ளியிலிருந்தும் கோப்பைகள் வந்தன. இரண்டையும் குடித்தார், பிஸ்கட்டை முக்கி முக்கித் தின்றார். அவ்வளவு சந்தோஷமான ஒரு சோதனை அதிகாரியை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

அறிக்கையில் அவர் எழுதியது இது: ‘நிபந்தனை ஒரு வருடமாக மீறப்பட்டுள்ளது. திட்டம் வெற்றி பெற்றதற்கு இதுவே சான்று. நிபந்தனையை நீக்கி நிதியைத் தொடரலாம்.’ மேலே குழம்பிவிட்டார்கள். மீறல் என்றால் நிதி தர விதியில்லை, அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள் என்று ஃபைல் திரும்பி வந்தது. பஸ் நின்றது. மேடம்கள் கைக்காசில் சனிக்கிழமை வகுப்பை ஓட்டினார்கள். நான் மல்காஜ்கிரிக்குப் போய் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கெஞ்சினேன். ஒரு வரிதானே சார், எடுத்துவிடுங்கள், பிள்ளைகளின் லேப் போய்விடும் என்றேன்.

"எடுத்தா நிபந்தனை அப்படியே நிக்கும். அடுத்த வருஷமும் அவங்க பிரிஞ்சி இருக்கற மாதிரி நடிக்கணும். வருஷா வருஷம் நடிச்சா நெசமாவே பிரிஞ்சிடுவாங்கம்மா" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். ஏன் மறைத்தோம், எப்படி நடித்தோம் என்பதை அவர் எழுத முடியாது, நான்தான் எழுத வேண்டும் என்றார். என்னுடையது ஒப்பந்த வேலை. எழுதிக் கையெழுத்துப் போட்டால் வேலை போகலாம். அது அவருக்கும் தெரியும், வற்புறுத்தவில்லை. பேனாவை மட்டும் வைத்துவிட்டு, காபி சொல்ல உள்ளே போய்விட்டார்.

எழுதினேன். சாக்பீஸ் குறியிலிருந்து கிளி வரை, ‘இன்னைக்கு மட்டும்தான்’ என்ற பொய் உட்பட, ஒன்றும் விடாமல் எழுதினேன். முடித்தபோது மனசு அப்படியே லேசாகிவிட்டது. பத்மா மேடமும் நசீமா மேடமும் கீழே கையெழுத்துப் போட்டார்கள். அதை எடுத்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். ஆணை வந்தது. நிதி நீட்டிப்பு, நிபந்தனை நீக்கம். என் வேலையும் தப்பியது. போனில் முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "ஹவ், ஆமா, இப்ப சரி" என்றார். எங்களிடம் அவர் சொன்ன கடைசி வார்த்தை அதுதான் என்று அன்று தெரியாது.

துக்கம் கேட்கப் போனபோது பஸ்ஸில் பிள்ளைகளும் வந்தார்கள். அவர் மனைவி சரோஜாக்கா ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்தார். "நீங்கதானா அது? ஒரு வருஷம் என்னை ஏமாத்திட்டாங்கன்னு காய்கறிக்காரன்கிட்டகூட சொல்லி சந்தோஷப்பட்டாரே" என்றார். அழுதுகொண்டே சிரித்தார். பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். யார் எந்தப் பள்ளி என்று நான் பார்க்கவில்லை.

என்னிடம் அவருடையது என்ன மிச்சம் என்று கேட்டால், அவர் வேலைதான். பட்டான்செரு பக்கத்தில் இரண்டு பள்ளிகளுக்கு இதே திட்டம் தொடங்குகிறது. கண்காணிப்பாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள். அவர்தான் என் பெயரைக் கொடுத்தாராம், ஆணை கைக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. வரும் திங்கட்கிழமை முதல் சோதனை. நேற்று ராணிகஞ்ச் போய் இரண்டு பூட்டு வாங்கி வந்தேன். ஃபிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அங்கே யாராவது என்னை ஏமாற்றும்வரை நான் சாய் குடிப்பதாக இல்லை.