ஏலத்தில் போன ஏதேன்

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு ஏதேன் தோட்ட நாடகம் போடும் பொறுப்பு இந்த வருடம் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். விலக்கப்பட்ட கனி என்றதும் எல்லோரும் ஆப்பிளைத் தொங்கவிடுகிறார்கள். வேதத்தில் எங்கே ஆப்பிள் என்று இருக்கிறது? இந்த எரிச்சல் எனக்கு ரொம்ப நாளாக உண்டு.

மாதுளைதான் சரி என்று முடிவு செய்தேன். அதுவும் எங்கள் வில்லாபுரம் வீட்டு மொட்டைமாடியில் என் மனைவி தொட்டியில் வளர்க்கும் மாதுளை. செடி முதன்முதலாகக் கொடுத்த ஒரே பழம். அணிலுக்குப் பயந்து அதற்குத் தன் பழைய துப்பட்டாவைச் சுற்றி வைத்திருந்தாள். அவளைக் கரைப்பதற்காக வேதத்துக்கும் முந்தைய கதையையெல்லாம் எடுத்துவிட்டேன். தேவர்களின் தோட்டத்தில் மரத்தில் ரத்தினமே காய்த்ததாம், மாதுளை முத்தைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்றேன். பின்பாதி என் சொந்தச் சரக்கு. ஒருவழியாகப் பழத்தைப் பறித்துக் கொடுத்தாள்.

“நாடகம் முடிஞ்சதும் பழம் முழுசா என் கைக்கு வரணும். இல்லைன்னா வீட்டுப் பக்கமே வராதீங்க.”

தோட்டத்துக்குத் தனியாகச் செலவில்லை. சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் வாழைத்தார், கரும்பு, பூசணி எல்லாவற்றையும் ஆலயப் பந்தலில் அடுக்கினால் ஏதேன் தயார். ஏதேனில் ஓடும் நான்கு நதிகளுக்குப் பாடகர் குழுப் பெண்களின் நீலச் சேலைகள். பாம்புக்கு நல்ல நீளமான புடலங்காய். நடுவில் நின்ற வாழைமரத்தில் மாதுளையை நூலால் கட்டினேன். வாழையில் மாதுளை காய்க்குமா என்று கேட்டவர்களிடம், ஏதேனில் எல்லாம் நடக்கும் என்றேன்.

காணிக்கைப் பொருட்களை ஆராதனைக்குப் பின் ஏலம் விடுவது எங்கள் வழக்கம். நாடகம் முடிந்துதான் ஏலம் என்று பேசி வைத்திருந்தோம். ஆனால் பிரசங்கம் நீண்டுவிட்டது, பிரியாணி வாசனையும் வந்துவிட்டது. முதலில் ஏலத்தை முடித்துவிடலாம் என்று கமிட்டி தீர்மானித்துவிட்டது. ஏலம் விடுபவர் காளவாசலில் கடை வைத்திருக்கும் அண்ணன். கண்ணில் பட்டதை விற்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. போன வருடம் ஆயரின் குடையையே விற்றவர்.

இது எதுவும் தெரியாமல் நான் ஆலயத்துக்குப் பின்னால் ஏதேன் வாசலைக் காவல் காக்கும் கேருபீன் தூதனின் பட்டயத்துக்கு, அதாவது அட்டை வாளுக்கு, ஜிகினாத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுப் பட்டயத்தோடு ஓடி வருவதற்குள் கரும்புக் காடு போய்விட்டது. பாம்பை எடுத்த ஒரு அம்மா, பைக்குள் அடங்கவில்லை என்று அதை இரண்டாக ஒடித்துக்கொண்டிருந்தார். அண்ணனின் கையில் மாதுளை. பெண்கள் வரிசையில் என் மனைவி எழுந்து நின்றாள்.

நான் சட்டென்று வாழைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஏதோ குழப்பம் என்று புரிந்து ஆயர் மைக்கை வாங்கினார். “தம்பி, எங்க இருக்கீங்க?”

இலைகளுக்கு நடுவிலிருந்து தலையை மட்டும் நீட்டினேன். இந்தப் பழம் காணிக்கைதானா, இங்கே எப்படி வந்தது என்று கேட்டார். சபையே என்னைப் பார்த்தது. என் விரல் தானாக மனைவியின் பக்கம் நீண்டது.

“இவதான்யா குடுத்தா.”

பந்தலே அதிர்ந்தது. ஆதி மனிதன் கடவுளுக்குச் சொன்ன அதே பதில், நாடகம் பிரமாதம் என்று முன்வரிசைப் பெரியவர் கைதட்டினார். ஆயர் மைக்கை வாயருகே வைத்துக்கொண்டே சிரித்தார்.

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நேராக முன்னால் வந்து ஏலம் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபின் எதிர்த்துக் கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தன் பழத்தைத் தானே விலைக்கு வாங்கி, மரத்தடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிளந்து தின்ன ஆரம்பித்தாள். உள்ளே அப்படி ஒரு சிவப்பு. எனக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது. பக்கத்தில் போய்க் கையை நீட்டினேன்.

“அன்னைக்கு ஏதேன்ல அவ குடுத்ததாலதான அம்புட்டுப் பிரச்சனையும்,” என்றாள். “நான் குடுக்கமாட்டேன்.”

கடைசி முத்துவரை அவளே தின்றாள். நான் ஜிகினாப் பட்டயத்தைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றேன்.