சமயநல்லூரில் சாப்பிட்ட அயிரை மீன் குழம்பு

எழுபதுகளின் கடைசியில் மதுரைப் பக்கம் ஊர் ஊராகச் சாப்பிட்டுப் பார்க்கவே கிளம்பியிருந்தேன். சமயநல்லூரில் பஸ் பழுதாகி நின்றபோது, அயிரை மீன் குழம்பு வாசம் ஆளை இழுத்தது. பெஞ்சு போட்டிருந்த ஓட்டுக் கட்டடத்துக்குள் நுழைந்து, "ஒரு மீன் சாப்பாடு" என்று உட்கார்ந்தேன். அங்கிருந்த பெண் ஒரு கணம் தயங்கிவிட்டு இலை போட்டார்.

விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் முள்ளே தெரியாமல் கரைந்தன. "சோறு கொண்டுவர இவ்வளவு நேரமா?" என்று அதட்டி, மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவிவிட்டு, "கடைக்குப் பேர் என்னம்மா?" என்றேன்.

"கடை இல்லண்ணே, எங்க வீடு. பசியோட வந்தவுகள எந்திரிங்கன்னு எப்பிடிச் சொல்றது?"

வெட்கத்தோடு, அதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவரோ முகம் மலர்ந்து, "கடைக் குழம்புன்னே நெனச்சீகளா? அம்புட்டு ருசியாவா இருந்துச்சு?" என்றார்.

"எந்தக் கடையிலும் இப்படிச் சாப்பிட்டதில்லை" என்றேன். அது சத்தியம்.

அதற்குப் பிறகு, பரிமாறுகிறவர் யாரையும் அதட்ட எனக்கு வாய் வந்ததில்லை.